முழங்கால் தண்ணீர்

ஏரிக்குள் நீண்டு நிற்கும் மரப்பாலத்தின் கடைசிப் பலகையில், ஒரு கோடைக்கு மட்டும் வெளிநாட்டுக்குப் படிக்க வந்த அந்தப் பெண் கால்விரல்களை மடக்கி நிற்கிறாள். தோளில் வெயில் உரித்த தோல், முழங்கையில் நேற்று பாறை ஏறியபோது பட்ட சிராய்ப்பு. கீழே தண்ணீர் கரும்பச்சையாகக் கிடக்கிறது, தரை தெரியவில்லை. கரையில் அவளுக்கு இடம் கொடுத்திருக்கும் வீட்டுக்காரி கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருக்கிறாள். அதற்குள்ளிருந்து, ஊரில் இருக்கும் அம்மா தொண்டை கிழியக் கத்துகிறாள்.

“அடியேய், திரும்பி வாடி! முழங்கால் தண்ணிக்கு மேல போகமாட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணிட்டுத்தானே போனே?”

வீட்டுக்காரிக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. இத்தனை சத்தம் போட்டால் அது உற்சாகமாகத்தான் இருக்கும் என்று முகமெல்லாம் பல்லாகத் தலையாட்டுகிறாள். பெற்றவள் கிட்டத்திலிருந்து பார்க்கட்டுமே என்று, பாவாடை நனைவதைப் பொருட்படுத்தாமல் தண்ணீருக்குள்ளேயே இறங்கி நடக்கிறாள்.

“ஐயோ, என்னை எங்கேம்மா தூக்கிட்டுப் போறீங்க?”

பலகை அதிர்கிறது. மகள் குதித்துவிட்டாள். வெயில் சிதறி, வளையங்கள் விரிகின்றன. அடியிலேயே கரைப் பக்கம் நீந்தி வந்தவளின் தலை கைப்பேசிக்குப் பக்கத்திலேயே மேலே வருகிறது. நெற்றியில் ஒட்டிய முடியை வழித்துவிட்டுத் திரையைப் பார்க்கிறாள். நெஞ்சில் கை வைத்தபடி அம்மா.

“கரை ஏறப்போறியா இல்லையா?”

“மாட்டேன். நீயே இப்போ இடுப்பளவு தண்ணியில நிக்கிறே. முதல்ல நீ ஏறு.”

சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல், ஆழம் இருக்கும் பக்கமாகத் திரும்பி நீந்துகிறாள்.