பெட்டிக்குள் பத்திரம்

அறுபத்து மூன்று கோப்புகள் பூட்டப்பட்டன என்று திரையில் சிவப்பு எழுத்து வந்ததும் அவன் நாற்காலியில் சாய்ந்து கை தட்டினான்.

வைரஸ் தின்னட்டும் என்று அவன் போட்டுவைத்த கோப்புகள் பத்துதான். மிச்சம் எங்கிருந்து வந்தன என்று ஒரு நொடி தோன்றியது. நல்ல சுறுசுறுப்பான வைரஸ் என்று முடிவுகட்டிக்கொண்டான்.

அவன் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையில் அவனை ஹேக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். கிண்டல்தான். அவன் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டான்.

இத்தனைக்கும் ஹேக்கிங் பயிற்சி என்று அவன் உருப்படியாக எதையாவது செய்து பார்த்தது இன்றைக்குத்தான். போன மூன்று வாரமும் வாய்ப்பந்தல்.

எல்லாம் மைத்துனனால் வந்தது. மனைவியின் தம்பியான அவனுக்கும் இதே பைத்தியம். சொந்தக் கணினியிலேயே வைரஸை ஓட்டிப் பார்த்து, கல்யாணப் படங்கள் உட்பட சகலத்தையும் பறிகொடுத்தான். செய்தி வந்த நாளிலிருந்து இவனைக் கையில் பிடிக்க முடியவில்லை. சாப்பாட்டு மேசையில் தட்டு காயும்வரை பிரசங்கம்.

"உன் தம்பிக்கு மூளை இருந்தா விர்ச்சுவல் மெஷின் போட்டிருப்பான். கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர், பூட்டின பெட்டி மாதிரி. அதுக்குள்ள இருக்கிறது எங்கயும் போகாது."

மனைவி பள்ளி ஆசிரியை. கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நிலத்தடி நீர் பற்றி நாலு வருஷம் கிணறு கிணறாக அலைந்து எழுதிய அவளுடைய ஆய்வேடு வீட்டிலிருந்த அந்த ஒரே கணினியில்தான் இருந்தது. இன்று மாலை ஐந்து மணிக்குள் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியாக வேண்டும். தவறினால் பதிவே ரத்து.

இன்னொரு பிரதி எடுத்துவைக்கலாம் என்றால், வைரஸுக்கு அதுதான் வாகனம் என்று வீட்டிலிருந்த பென் டிரைவ்களையெல்லாம் அவன் குப்பையில் போட்டிருந்தான். மின்னஞ்சலா, வேறு வினையே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டான்.

இப்போது உச்சக்கட்டம் பாக்கி. மூன்று வாரத்துக்கு முன் பெட்டியை நிறுவி, அந்தப் பத்துக் கோப்புகளைப் போட்ட அன்றே அதன் நிலையை ஒரு ஸ்னாப்ஷாட்டாகப் பிடித்துவைத்திருந்தான். ஒரு பொத்தானை அழுத்தினால் பெட்டி அந்த நாளுக்கே திரும்பிவிடும். நடுவில் நடந்தது எதுவும் நடக்காததாகிவிடும்.

அழுத்தினான்.

சிவப்பு எழுத்து மறைந்தது. பத்துக் கோப்புகளும் ஒன்றும் தெரியாத பிள்ளைகள் போல வரிசையாக நின்றன. பெட்டியை மூடிவிட்டு வெளியே பார்த்தான். பாட்டுகள், படங்கள், எதிலும் ஒரு கீறல் இல்லை.

மைத்துனனை நினைத்துப் பாவமாக இருந்தது. பாவம் பார்த்த கையோடு திரையைப் படம் பிடித்து அவனுக்கு அனுப்பியும் வைத்தான்.

நாலரைக்கு மனைவி கையில் ஒரு துண்டுக் காகிதத்தோடு வந்தாள். அவன் பெருந்தன்மையாக எழுந்து நாற்காலியைக் கொடுத்தான்.

அவள் தன் பழைய ஃபோல்டரின் பக்கமே போகவில்லை. அவன் சற்றுமுன் மூடிய பெட்டியைத் திறந்தாள். அதில் உனக்கு என்ன வேலை என்று சிரித்துக்கொண்டே கேட்டான்.

"நீங்க அவ்வளவு சொன்னதுக்கப்புறம் வெளிய வெச்சிருக்கப் பயமா இருந்துச்சு. நீங்க பெட்டியைப் போட்ட மறுநாளே மொத்தத்தையும் உள்ள மாத்திட்டு வெளிய இருந்ததை அழிச்சிட்டேன், பாக்கியையும் இதுலயேதான் எழுதினேன். நன்றியுரையில உங்க பேரைச் சேர்த்துட்டா முடிஞ்சுது."

பெட்டி திறந்தது. உள்ளே பத்துக் கோப்புகள் இருந்தன.