ஒரு ஹேர்பின் போதும்

‘எங்கள் குளியலறைப் பூட்டை வெளியிலிருந்து திறந்து காட்டுங்கள், பரிசு உங்களுக்கே’ என்று வாடிக்கையாளர்களை அழைத்திருந்தது பூட்டு நிறுவனம். வந்தவர்கள் எல்லோரும் தோற்றார்கள். கடைசியாக வந்த அம்மாள் கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவினார். கண் மூடித் திறப்பதற்குள் பூட்டு திறந்துகொண்டது.

“ஏம்மா, தொழிலே இதுதானா?” என்று முதலாளி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

பொறியாளருக்கு மட்டும் வேர்த்துவிட்டது. “எங்க கண்ணுல படவே இல்லையே! இனிமே வர்ற பூட்டுல இந்த வழியை அடைச்சிடறோம்மா.”

“ஐயோ, அடைச்சிடாதீங்க சார்! அதைச் சொல்லத்தான் வந்தேன். பரிசுகூட வேண்டாம். வீட்டுல இருக்கற இதே பூட்டு தேஞ்சுபோச்சு, மறுபடி இதேதான் வாங்கணும். எங்க வீட்டுக்காரருக்கு ஞாபகம் போயிடுச்சு. உள்ளே பூட்டிக்கிட்டு, திறக்கத் தெரியாம, ‘யாராவது வாங்க’ன்னு அழறார். என் பேர்கூட வர்றதில்லே.”

“பூட்டைக் கழட்டிடலாமேம்மா?” என்றார் பொறியாளர்.

“பூட்டாம குளிக்க மாட்டேங்கறார். வெட்கம் மட்டும் இன்னும் மறக்கலே.”

முதலாளி மெல்லக் கேட்டார்: “இப்போ அவர் தனியாவா இருக்கார்?”

“பக்கத்து வீட்டுப் பொண்ணு இருக்கா. ஒரு ஹேர்பின்னைக் கையில கொடுத்துட்டுத்தான் வந்திருக்கேன்.”