தரை துடைத்த தண்ணீர்

"சூப்பா இது? தரை துடைத்த தண்ணீர். நம்பி யாரும் போய்விடாதீர்கள்" என்று போனில் எழுதி முடித்த லுய் பாக்-கின், கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி, அந்தத் தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிக் குடித்தார்.

ஷாம் ஷுய் போவின் துணிக்கடைச் சந்தில் இருக்கும் மோக்கின் கடையைவிட நல்ல இறால் நூடுல்ஸ் சூப் ஹாங்காங்கிலேயே கிடையாது என்பது லுய்யின் கட்சி. அதனால்தான் 'பாகற்காய்' என்ற பெயரில் இணையத்தில் அவ்வப்போது அதைத் திட்டி எழுதுவார்.

சுத்த சுயநலம். அதை அவரே ஒப்புக்கொள்வார், மனசுக்குள். அவர் உயிராக நினைத்த தெருமுனை வாத்துக்கடை ஒருமுறை டிவியில் வந்தது. மறுநாளே மீன் மார்க்கெட்வரை வரிசை. அடுத்த வருஷம் அந்த இடத்தில் மருந்துக்கடை. இங்கேயும் கூட்டம் வந்தால், ஃபேனுக்கு அடியில் இருக்கும் அவருடைய ஸ்டூல் பறிபோய்விடும். இன்சூரன்ஸ் ஆபீஸில் பியூன்கூட மதிக்காத மனிதருக்கு ஊரில் இருந்த ஒரே சிம்மாசனம் அது.

"கொஞ்சம் நகருய்யா. ஒன் அப்பன் வீட்டு மேசையா?" வழக்கமான மரியாதையோடு சொல்லிவிட்டு, மோக் ஒரு பெண்ணை அவருக்கு எதிரே உட்காரவைத்தார். முடிக்குப் பச்சைச் சாயம், கையில் பெரிய போன்.

கிண்ணம் வந்ததும் அவள் நாலு பக்கமும் படம் பிடித்தாள். பிறகு ஒரு வாய் சூப் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஐயோ அங்கிள், அமிர்தம்! இதப் போயா இப்படி எழுதியிருக்காங்க? கேளுங்க, 'தரை துடைத்த தண்ணீர்.' இப்பத்தான் போட்டிருக்கான். பாகற்காயாம். நாக்கே இல்லாத ஜென்மம்."

"ஆமாமா, இருக்கும்" என்றார் லுய், உதட்டைத் துடைத்துக்கொண்டே.

"இன்னொருத்தன் அதுக்கும் மேல. 'சூப்பில் கரப்பான்பூச்சி நீச்சல் அடிக்கிறது. முதலாளி ஒரு காட்டுமிராண்டி.'"

அது லுய் எழுதியதில்லை. முதல்முறை படித்தபோதே அவருக்கு ரத்தம் கொதித்தது. பொய் சொல்வதற்கும் ஒரு மனசாட்சி வேண்டாமா?

"இவனுங்க மூஞ்சில கரியப் பூசறேன் பாருங்க. இன்னிக்கே வீடியோ போடறேன். மூணு லட்சம் பேர் பாப்பாங்க."

மூன்று லட்சம் பேர். கடையில் இருப்பது நாலு மேசை. லுய் முன்னால் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"பாப்பா, வெளிய சொல்லாத. போன வாரம் இங்க சாப்பிட்டு ரெண்டு நாள் கக்கூஸே கதின்னு கெடந்தேன்."

"அப்ப ஏன் மறுபடி வந்தீங்க?"

நியாயமான கேள்வி. வழியில் வரும்போது பதிலைத் தயார் செய்திருக்க வேண்டும். "ஆபீஸ்... பக்கத்துல. வேற கதியில்ல."

"கிண்ணத்துல ஒரு சொட்டு மிச்சம் இல்லயே?"

அப்போதுதான் அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றுபோனது லுய்க்கு உறைத்தது. நூடுல்ஸ் வடிக்கும் சல்லடைக் கரண்டியோடு மோக் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். சிம்மாசனம் போச்சு, சூப்பும் போச்சு என்று முடிவுகட்டினார் லுய்.

"அவர் சொல்றது நெசந்தாம்மா" என்றார் மோக். "எனக்கே ஒத்துக்கல. எனக்கு மத்தியானச் சாப்பாடு வீட்லேர்ந்துதான் வருது."

அந்தப் பெண் மோக்கைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள், எடுத்த படங்களை ஒவ்வொன்றாக அழித்தாள். காசை மேசையில் வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

மோக் அவள் இடத்தில் உட்கார்ந்தார். "அந்தப் பாகற்காய் நீதானே?"

"அண்ணே... எப்படி...?"

"நாலு வரி திட்டிட்டு, அஞ்சாவது வரில 'ஆனாலும் இறால் புதுசு'ன்னு உருகறவன் இந்தத் தெருவுல வேற எவன்?"

லுய்க்கு நிஜமாகவே அழுகை வந்தது. "தப்புதாண்ணே. ஒங்க பொழப்பக் கெடுத்துட்டேன். என்ன வேணா திட்டுங்க, வராதன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"என் பொழப்பையா? நல்லாச் சொன்ன. நாலு மேசையும் தெனம் ரொம்புது, அது போதும் எனக்கு. வாத்துக்கடைக்காரன் ஏன் போனான்னு நெனச்ச? கூட்டம் வந்துச்சு. கூட்டத்தப் பாத்து பில்டிங் ஓனர் வந்தான். வாடகைய மூணு மடங்கு ஏத்தினான்."

லுய் மூக்கை உறிஞ்சினார். "அப்ப நான் எழுதினது ஒங்களுக்கு நல்லதாண்ணே?"

"என்னத்த எழுதின? வெஷமே பத்தல. ஒன்னால கடைக்குப் புதுசா நாலு பேரு வந்துட்டானுங்க, 'இறால் புதுசாமே'ன்னு கேட்டுக்கிட்டு."

மோக் அந்தப் பெண் மிச்சம் வைத்த கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, ஒரு வாய் குடித்துவிட்டு எழுந்தார்.

"நீ பேசாம வந்து சாப்பிட்டுப் போ. திட்டி எழுதறத எப்பவும்போல நானே பாத்துக்கறேன்."