துவர்ப்பு

வாட்டிய மாட்டுக்கறி ஸ்டேக்கைத் தட்டில் எடுத்து வைத்த பிறகுதான் ரெஜினா கவனித்தாள். பழக்கத்தில் அவள் கை ஒயின் கோப்பையையும் பக்கத்தில் வைத்திருந்தது. கணவன் லியோன் குடியை விட்டு நாற்பது நாள் ஆகியிருந்தது. நாளை அவன் மறுபடி ஹோட்டலுக்குப் போகிறான். எந்தக் கறிக்கு எந்த ஒயின் என்று விருந்தாளிகளுக்குச் சொல்லி ஊற்றுவதுதான் அவன் வேலை. அவசரமாகக் கோப்பையை எடுக்கப் போனாள்.

"இருக்கட்டும் ரெஜி. இந்தக் கொழுப்புக்குத் துவர்ப்பா ஒண்ணு வேணும்" என்று சமையலறைக்குள் போனான்.

அவள் கண்ணுக்குத் தப்பிய புட்டி ஏதாவது உள்ளே இருக்குமோ?

காலையில் மிஞ்சி ஆறிப்போன பால் விடாத டீயோடு திரும்பி வந்தான். கோப்பையை அவள் பக்கம் நகர்த்தி, ஒரு வாய் அளவு ஊற்றிவிட்டு, ஹோட்டலில் விருந்தாளி முன் நிற்பதுபோல இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டி நின்றான்.

"ருசி பாத்துச் சொல்லுங்க மேடம்."

"எந்த வருசத்துச் சரக்கு?"

"இன்னைக்குக் காலைல ஆறு மணி. நீங்க போட்டதுதான்."

அவள் ஒரு துண்டு கறியை மென்று, டீயை நாக்கில் வைத்திருந்து மெல்ல விழுங்கினாள். அவன் இன்னும் உத்தரவுக்காக நின்றுகொண்டிருந்தான்.

"ஊத்துங்க" என்றாள்.

நாற்பது நாளாக நடுங்கிய கை, மேசைத் துணியில் ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றத் தொடங்கியது.