கருங்காலிப் பொல்லு

மாளிகையின் கல்வாசலில் அப்போது நின்றவர்கள் ஐந்து பேர்: லண்டன் மோர்டனில் இருக்கும் சச்சிதானந்தன், அவர் மனைவி கமலாம்பிகை, மகன் றமணன், நுழைவுச்சீட்டுப் பார்க்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, வெள்ளிப்பூண் போட்ட கருங்காலிப் பொல்லை ஊன்றியபடி வெளியே புறப்பட்ட ஒரு வெள்ளைக்காரக் கிழவர்.

“பொல்லை வையும்!” என்றார் சச்சிதானந்தன். தமிழில்தான் சொன்னார். கிழவர் அப்படியே நின்றுவிட்டார்.

சச்சிதானந்தனுக்குக் காலையிலிருந்தே கோபம். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக நாட்டுப்புறம் பார்க்கப் போவோம் என்று இழுத்து வந்தவன் மகன். முதலில் பார்த்த கிராமத்துத் தேவாலயத்தின் குள்ளக் கதவில், குனிய மனமில்லாமல் நெற்றியை இடித்துக்கொண்டார். அவர் குடும்பத்தில் ஒருவரும் எந்த வாசலிலும் குனிந்து பழகியதில்லை.

பிறகு இந்த மாளிகை. காரிலிருந்து ஒரு கையில் இடியப்பப் பையும் மறு கையில் தேத்தண்ணீர்ப் போத்தலுமாக, மகன் கேட்டும் கொடுக்காமல், தாமே நிமிர்ந்து நடந்து வந்தார். வாசலில் அந்தப் பெண்மணி இரண்டையும் வாங்கிவிட்டாள். உள்ளே பழைய மரத்தரை. சாப்பாடு, குடை, பொல்லு எல்லாம் வெளியில்தான் இருக்க வேண்டுமாம்.

“பிடிக்கிற பிடியைப் பார். பைக்குள்ளை பாம்பே கிடக்கு?” என்றார் மகனிடம்.

உள்ளே சாப்பாட்டு அறையில் கருங்காலி அலுமாரி ஒன்று நின்றது. பக்கத்து அட்டையில் ‘இலங்கை’ என்று எழுதியிருந்தது. அதற்கு மேலே இரண்டு ஆனைக்கொம்புகள்.

“எங்கடை காடு, எங்கடை ஆனை. கேட்டோ கொண்டு வந்தவங்கள்?”

“அப்பா, மெதுவாக் கதையுங்கோ. ஆக்கள் பாக்கினம்.”

“பாக்கட்டும். கொண்டு வந்தவன் தொடக்கூடாது எண்டு கயிறு கட்டி வைச்சிருக்கிறான். நான் மெதுவாக் கதைக்க வேணுமோ?”

அந்தக் கொதிப்பில் திரும்பியவர், பின்னால் சுவரைப் பிடித்தபடி நின்ற கிழவரின் காலை நன்றாக மிதித்துவிட்டார்.

“சொறி,” என்றார் கிழவர். மிதித்தவர் இவர், மன்னிப்புக் கேட்டவர் அவர். தமக்கு வரவேண்டிய மரியாதை வந்ததுபோலச் சச்சிதானந்தன் தலையை அசைத்துவிட்டுப் போனார்.

இப்போது வாசலில் அதே கிழவர், கையில் கருங்காலிப் பொல்லோடு.

சச்சிதானந்தனின் பொல்லு, அவர் தகப்பன் தலைமை வாத்தியாராக இருந்து இளைப்பாறிய அன்று ஊரார் செய்வித்துக் கொடுத்தது. தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்தை விட்டு ஓடியபோது கைக்கு அகப்பட்டது அது ஒன்றுதான். வீட்டின்மேல் ஷெல் விழுந்தது. படங்கள், காணி உறுதிகள், தகப்பனின் கையெழுத்து எல்லாம் எரிந்து போயின. நாலு பேர் கூடும் இடத்துக்கு அவர் அந்தப் பொல்லில்லாமல் போனதில்லை.

“அப்பா, வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ,” என்று றமணன் கையைப் பிடித்தான்.

“என்ரை அப்பாவின்ரை பொல்லு எனக்குத் தெரியாதோ? விடடா கையை!”

“இஞ்சாருங்கோ, காலமை…” என்று கமலாம்பிகை தொடங்கினார்.

“நீ பேசாமல் இரு. இது எங்கடை பரம்பரை மானம்.”

பிறகு கிழவரைப் பார்த்து, ஆங்கிலத்தில், சொல் சொல்லாக நிறுத்திக் கேட்டார்: “இது என் தகப்பனுடையது. எங்கள் வீட்டில் மிஞ்சியது இது ஒன்றுதான். இதையும் கொண்டுபோகப் போகிறீர்களா?”

கிழவர் பொல்லைப் பார்த்தார். பொல்லுகள் வைக்கும் தாங்கியைத் திரும்பிப் பார்த்தார். அதில் ஒன்றுமில்லை. அவர் கழுத்துவரை சிவந்து போனார்.

“சொறி. ஐ ஆம் ஸோ சொறி.”

இரண்டு கையாலும் பொல்லை நீட்டிவிட்டு, மதிலைப் பிடித்துப் பிடித்துத் தம் காரை நோக்கி நடந்தார்.

“கண்டியோ? வாயாலையே ஒத்துக்கொண்டான்!” என்றார் சச்சிதானந்தன்.

காரில் பொல்லை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டார். பாதி வழியிலேயே மனோர் பார்க்கில் இருக்கும் மைத்துனர் இராஜேந்திரனுக்குத் தொலைபேசி எடுத்து, நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. பையிலிருந்த இடியப்பத்தை ஒருவரும் தொடவில்லை.

மறுநாள் காலை இராஜேந்திரன் எடுத்தார். கமலாம்பிகைதான் கதைத்தார்.

“அக்கா, முருகன் கோயில் முழுக்க இதுதான் கதை! அத்தான் தன்ரை தகப்பன்ரை பொல்லை வெள்ளைக்காரனிட்டையிருந்து மீட்டுக்கொண்டு வந்திட்டாராம். அவரிட்டைக் குடுங்கோ, ஒரு வார்த்தை சொல்ல வேணும்.”

“அவர் இல்லை, தம்பி. விடியவே றமணனை எழுப்பிக் கூட்டிக்கொண்டு அந்த மாளிகைக்குப் போட்டார்.”

“திரும்பியுமோ?” இராஜேந்திரன் விழுந்து விழுந்து சிரித்தார். “ஏன், அந்த அலுமாரியையும் தூக்கிக்கொண்டு வரவோ?”

கமலாம்பிகை சிரிக்கவில்லை. முன்கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்ததை ஒருமுறை பார்த்தார்.

“அவர் ஒண்டையும் மீட்கேல்லை, தம்பி. எங்கடை பொல்லு நேத்து வீட்டை விட்டு வெளிக்கிடவேயில்லை.”