ஒரு பெயரை நீக்கினால்

"தூங்குமூஞ்சியோட பேரை எடுத்துட்டேன். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அட்டையில நம்ம ரெண்டு பேர் மட்டும்தான்" என்றாள் கேப்டன்.

பைண்டிங் செய்த ரிப்போர்ட் பொட்டலத்தை அவளிடம் நீட்டிய வாலு திகைத்தான். "ஐயோ, அவன் ஃபெயில் ஆயிடுவானே!"

"ஆகட்டும். மீட்டிங்ல வாயைப் பிளந்துக்கிட்டு தூங்கினதைத் தவிர வேற என்னத்தைக் கிழிச்சான்? டிசைன் நான். ஸ்கிரீன் எல்லாம் நீ. அவன்?"

வாலு தலையைச் சொறிந்தான்.

"சாயங்காலம் சார்கிட்ட கொடுக்கறப்போ தெரிஞ்சுக்கட்டும். இப்ப மூச்சு விடாதே."

சக்கர நாற்காலி, ஊன்றுகோல், கட்டில் என்று நோயாளிகளுக்கு இலவசமாக இரவல் கொடுக்கும் தொண்டு நிறுவனத்தின் வாசலில் நின்றிருந்தார்கள். எந்தப் பொருள் யார் வீட்டில் இருக்கிறது என்று தேடுவதிலேயே அங்கே பாதிப் பொழுது போய்விடும். அதற்காகத்தான் மூவரும் ப்ராஜெக்டாகச் செய்த இந்த டேட்டாபேஸ். நிர்வாகி அம்மா பார்த்து 'சரி' என்றால்தான் கடைசி வருஷ மதிப்பெண்.

மடித்து வைத்த சக்கர நாற்காலிகளுக்கு மேலே, சுவரில் திரை ஒளிர்ந்தது.  கேப்டனின் குரல் துள்ளியது.

"யார் பேரையாவது சொல்லுங்க மேடம். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வரும்!"

"மேட்டுத் தெரு தையல்காரர்?"

வந்தார். அவர் வாங்கிப்போன கட்டில், தேதி, வீட்டு அடையாளம்: நீல கேட், நாய் உண்டு.

"அட! நாய் கூட இருக்கே!" நிர்வாகி அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அடுத்த பெயர், அதற்கடுத்த பெயர். சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினார். மூலையில் தூங்குமூஞ்சி கொட்டாவி விட்டான்.

"சரிம்மா, எங்க தொண்டர் யாராவது விலகிட்டா?"

"அது ரொம்பச் சுலபம். பேரை நீக்கினா போதும், அவங்க சம்பந்தப்பட்ட குப்பையும் தானா போயிடும். அது என் ஐடியா!"

தொண்டர்கள் பகுதியில் இவர்கள் மூவர் பெயர்களும் இருந்தன. கேப்டன் வாலுவைப் பார்த்துக் கண்ணடித்தாள். "உதாரணத்துக்கு, வேலையே செய்யாத இவர்..."

"கேப்டன், வேண்டாம்!" தூங்குமூஞ்சி துள்ளி எழுந்தான்.

அழுத்திவிட்டாள்.

அவன் பெயர் போனது. தையல்காரர் போனார். கட்டில் போனது, நீல கேட் போனது. சக்கர நாற்காலிகள் ஒவ்வொன்றாக உருண்டு போயின. 'பதிவுகள் இல்லை' என்றது சுவர்.

ஒவ்வொரு பதிவும் அதை ஏற்றியவர் பெயரோடு கட்டப்பட்டிருந்தது. கட்டி வைத்தவளும் அவள்தான்.

"எல்லாமே இவன் ஏத்தினதா? ஆபீஸ்காரங்கன்னு இல்ல நினைச்சேன்!" என்று முணுமுணுத்தாள்.

"எங்க ஆளுங்களா?" நிர்வாகி அம்மாவின் குரல் உடைந்தது. "எங்க கிறுக்கலை எங்களாலயே படிக்க முடியாதேம்மா. தம்பிதான் தினமும் விடியறதுக்கு முன்னாடியே வந்து உட்கார்ந்து, புரியாததை வீடு வீடா போய்க் கேட்டு ஏத்தினார். இப்ப அத்தனையும் போச்சா? ஒருத்தர் விலகினா எல்லாம் காணாமப் போகும்னா, இதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

எழுந்தேவிட்டார்.

"உட்காருங்க மேடம், எதுவும் போகலை." தூங்குமூஞ்சி சட்டைப் பையிலிருந்து நகல் வைத்திருந்த பென் டிரைவை எடுத்துச் செருகினான். "கை தவறி யாராவது அழிச்சுட்டா எப்படி மீட்கறதுன்னு உங்களுக்குக் காட்ட வேண்டாமா? அதுக்காக கேப்டன் வேணும்னேதான் அழிச்சாங்க. கில்லாடி இவங்க!"

தையல்காரர் திரும்பி வந்தார். கட்டில் வந்தது. நீல கேட்டும் நாயும் கூட வந்து சேர்ந்தன.

"கொஞ்ச நேரத்துல உயிரை எடுத்துட்டியேம்மா!" நிர்வாகி அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "எனக்குச் சம்மதம். நாளையிலேருந்தே இதுதான்!"

வாலு ஒரு சக்கர நாற்காலியில் ஏறி உட்கார்ந்து அறையைச் சுற்றி வந்தான்.

"அந்த ரூலை மட்டும் மாத்திடலாம் கேப்டன்" என்றான் தூங்குமூஞ்சி மெல்ல. "ஆள் போனாலும் செஞ்ச வேலை நிக்கணும்ல?"

"ஏன்டா நீ சொல்லவே இல்லை?"

"நீ கேட்கவே இல்லையே."

அவன் முகத்தைப் பார்க்க முடியாமல், மேஜையில் இருந்த பொட்டலத்தை அவசர அவசரமாகப் பைக்குள் திணித்தாள். "இது... இதைத் திரும்ப பைண்டிங்குக்குக் கொடுக்கணும். உள்ளே ஒரு பக்கம் மாறிப் போச்சு."

"உள்ளே எல்லாம் சரியாத்தான் இருக்கு." தூங்குமூஞ்சி கொட்டாவியை அடக்கிக்கொண்டான். "காலையில வாலு எழுந்திருக்கலை, பைண்டிங் கடைக்கு நான்தான் போனேன். கடைக்காரர் பிரிச்சுக் காட்டினது என்கிட்டதான், கேப்டன்."