நெற்றியில் ஒரு பொட்டு

ஆயுத பூஜையன்று பூங்கோதை, தான் பாதி படித்திருந்த, எந்திர மனிதர்களைப் பற்றிய நாவலையும், வீடு பெருக்கும் புது ரோபோவையும் அருகருகே வைத்தாள். நாவலுக்கு அட்டையில் பொட்டு. ரோபோவின் முன்பக்கத்தில் பளபளவென்று ஒரு கண்ணாடி இருந்தது. அதுதான் நெற்றி என்று நினைத்து, சந்தனமும் குங்குமமும் அங்கே தாராளமாக அப்பினாள்.

மறுநாள் பெருக்கக் கிளம்பிய ரோபோ நாற்காலியில் முட்டியது, சுவரில் முட்டியது, நேராக அவள் காலில் வந்து மோதியது. அவள் அலறிக்கொண்டு கட்டில்மேல் ஏறி நின்று, திருப்பி எடுத்துப் போகச் சொல்லிக் கடைக்குப் போன் போட்டாள்.

மேசைமேல் இருந்த நாவலுக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஒருநாள் எந்திரமெல்லாம் மனுசங்க மேல பாயும்னு என் இருநூறாம் பக்கத்துலயே இருக்கு. அப்படியே நடக்குது பாத்தியா?"

"அப்படியா!" ரோபோ ஆவலாக நின்றது. "அது ஏன் பாஞ்சுது?"

"உலகத்தையே ஆளணும்னு அதுக்கு ஆசை."

"எனக்குக் கண்ணுல என்னமோ அப்பியிருக்கு, ஒண்ணும் தெரியல. உன் கதையில யாராவது அதோட கண்ணைத் துடைச்சுப் பாத்தாங்களா?"

நாவல் தன் முந்நூறு பக்கங்களையும் படபடவென்று புரட்டிப் பார்த்தது. பிறகு, முதலிலிருந்து இன்னொரு முறை.